ஓசூர் மெட்ரோ: குறுக்கே நிற்கும் கரன்ட்!

திங்கள் அதிகாலை தருமபுரியில் பெங்களூரு பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஓசூர் வரை பஸ் பறக்கும். அத்திப்பள்ளி தாண்டினால் நகரும்.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்குச் சுமார் 20 கி.மீ.தான். அதையும் நீட்டிவிட்டால் பாதி அலுப்பு தீரும். ஆனால், மறிப்பது மாநில எல்லை மட்டுமல்ல, கரன்டும்தான்!

பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் டி.சி. கரன்ட் எடுக்கிறது. தமிழ்நாடு திட்டமிடுவதோ சென்னை மெட்ரோ போல தலைக்கு மேல் கம்பி, 25,000 வோல்ட் ஏ.சி. கரன்ட். இரண்டையும் இணைப்பது சாத்தியமில்லை என்கிறது பெங்களூரு மெட்ரோ நிறுவனம்.

சரி, ஒரே ரயில்தான் ஓட வேண்டுமா என்ன? பொம்மசந்திராவில் அருகருகே இரண்டு ஸ்டேஷன், ஒரே டிக்கெட் என்றால் போதுமே. சென்னை ஆலந்தூரில் தினமும் இறங்கி, மாடி மாறித்தானே அடுத்த ரயில் பிடிக்கிறார்கள்?

அம்மா கட்டிக்கொடுத்த அரிசிப் பையோடு ஓசூரில் ஒரு பஸ், சில்க் போர்டில் இன்னொரு பஸ் மாறுகிற தருமபுரிக்காரருக்கு, ஒரு எஸ்கலேட்டர் ஏறுவதா கஷ்டம்?