நடுவர்க்கு நடுவர் யார்?

நயன்மன்றத்திற்கு இரண்டு காவல்கள் வேண்டும். ஆள்வோர் கை அதன்மேற் படாதவாறு தடுப்பது ஒன்று. மன்றத்தில் அமர்ந்தவரே அறம் பிறழின் அவரைத் தட்டிக் கேட்பது மற்றொன்று. முன்னது தன்னுரிமை, பின்னது பொறுப்புடைமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதே இந்திய ஒன்றியத்தில் இதுகாறும் நடந்து வந்துள்ளது.

1973 ஏப்பிரல் 24-இல், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்கவொண்ணாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. உடனே, அரசுக்கு மாறாக முடிவுரைத்த செலத்து, எக்டே, குரோவர் ஆகிய மூத்த நடுவர் மூவரையும் புறந்தள்ளி, இளையவரான ஏ.என். இரேயைத் தலைமை நடுவராக்கிற்று இந்திரா அரசு. மூவரும் பணி துறந்தனர். நெருக்கடிநிலையின்போது, உசாவலின்றிச் சிறைப்பட்டோர் தம் உயிருரிமைக்கும் மன்றத்தை நாடவியலாது என்று 1976-இல் நடுவர் நால்வர் கூற, கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். 1977 சனவரியில் அவர்க்குரிய தலைமை இருக்கை அவரின் இளையவர்க்குப் போயிற்று, அவரும் விலகினார். அந் நால்வர் தீர்ப்பு தவறென்று ஒன்பதின்மர் ஆயம் தள்ளியது 2017-இல்! துலாக்கோலின் நாவை ஆள்வோர் கை தீண்டினால் அது நேராவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி மறுபக்கம் காண்க. உச்சநயன்மன்ற நடுவர் வி. இராமசாமி, முன்னர்ப் பஞ்சாப்-அரியானா உயர்நயன்மன்றத் தலைமை நடுவராயிருந்த காலத்து, அரசுப் பணத்தை வரைமுறையின்றிச் செலவிட்டார் என்பது முறையீடு. உசாவற் குழு 14 குற்றச்சாட்டுகளுள் 11 மெய்ப்பட்டன என்றது. 1993 மே திங்களில் மக்களவையில் அவரை நீக்கக் கோரி 196 பேர் வாக்களித்தனர்; எதிர்த்து வாக்களித்தவர் ஒருவருமிலர். ஆயினும் ஆளும் பேராயக் கட்சியினரும் அவர்தம் தோழமையினருமாக 205 பேர் வாக்களியாது ஒதுங்கினர். தீர்மானம் வீழ்ந்தது, நடுவர் தம் இருக்கையிலேயே ஓய்வு பெற்றார். குற்றம் உண்டா இல்லையா என்பதைச் சான்று முடிவு செய்யவில்லை. கட்சிக் கணக்கு முடிவு செய்தது.

அவர் தமிழர் என்பதால் அவர்பால் இரங்குவாரும் நம்முள் உளர். அவர்க்கு நாம் சொல்வது இதுவே: முறைகேட்டிற்கு இனப்பற்றைப் போர்வையாக்குவது இனத்திற்கே இழுக்கு. சிலப்பதிகாரப் பாண்டியன்முன் சிலம்போடு நின்றவள் வேற்று நாட்டினள். சோழநாட்டினள் என்று அவளைப் புறந்தள்ளினானோ அவன்? தன் தீர்ப்புப் பிழைத்ததென்று தெளிந்த அக்கணமே உயிர் நீத்தானன்றோ! அவன் மரபினர் நாமெனில் நம்மவர்க்கும் அதே கோல்தான்.

1993-இலேயே வேறொரு தீர்ப்பால் நடுவர்களைத் தெரிவு செய்யும் உரிமை மூத்த நடுவர்கள் கைக்கு வந்தது. 2014-இல் நாடாளுமன்றம் அமைத்த அமர்த்த ஆணையத்தை 2015-இல் அம் மன்றமே நீக்கியது. ஆள்வோர் கை விலகியது நன்றே. ஆனால் நடுவர்களே நடுவர்களைப் பூட்டிய அறைக்குள் தெரிவு செய்வது எவ்வகையிற் பொறுப்புடைமையாகும்?

ஓய்வுக்குப்பின் வரும் பரிசோ இன்னும் கொடிது. உச்சநயன்மன்ற நடுவராயிருந்தவர் பின்னர் எம்மன்றத்தும் வழக்காடலாகாது என்று தடுக்கும் அரசியலமைப்பு, அவர் அரசு தரும் இருக்கையை ஏற்பதைத் தடுக்கவில்லை. தலைமை நடுவராயிருந்த நம் சதாசிவம் 2014-இல் ஓய்வுபெற்ற அதே ஆண்டில் கேரள ஆளுநரானார். இரஞ்சன் கோகாய் ஓய்வுபெற்ற நான்கே திங்களில், 2020-இல், மாநிலங்களவை உறுப்பினராக அமர்த்தப்பெற்றார். இவர்கள் தீர்ப்பை விலைபேசினர் என்று நாம் கூறவில்லை. ஆனால், நாளை பெறவிருக்கும் இருக்கை இன்றைய தீர்ப்பை வளைத்ததோ என்று மக்கள் ஐயுற இடந்தருவதே மன்றத்திற்கு மாசன்றோ?

ஆகலின், ஓய்வுக்குப்பின் சில ஆண்டுகளேனும் அரசுப் பொறுப்பேற்றலைச் சட்டம் தடுத்தல் வேண்டும். தெரிவின் காரணங்கள் மக்கள் அறிய வெளிப்படல் வேண்டும். நடுவர்மேல் வரும் முறையீட்டை ஆளுங்கட்சியும் அடக்காத, உடன் நடுவரும் மறைக்காத நிலையான ஆயம் உசாவல் வேண்டும். இம்மூன்றையும் எக்கட்சி ஆண்டாலும் கேட்போம்; எவ்வினத்தார் நடுவராயினும் கேட்போம். அதுவே நடுவுநிலைமை!