வெயில் காய இரண்டு விலையா?

அமெரிக்காவில் சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர் லாஸ் வேகாஸ். அங்கே சில பெரிய ஓட்டல்கள் "பெரியவர்களுக்கு மட்டும்" என்று தனி நீச்சல் குளம் திறந்தன.

21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. இஷ்டப்பட்ட பெண்கள் மேலாடை இல்லாமல் வெயில் காயலாம். மாண்டலே பே ஓட்டலின் "மூரியா" குளமும், 2024 ஜூலையில் மூடப்பட்ட மிராஜ் ஓட்டலின் "பேர்" குளமும் இதில் பெயர் வாங்கியவை.

ஓட்டல்காரர்கள் இதற்கு வைத்த பெயர் "ஐரோப்பிய பாணி". பெண்களுக்குச் சுதந்திரமாம்!

சுதந்திரம் என்றால் வாசலில் ஏன் இரண்டு விலை?

ஆண்களுக்குக் கட்டணம் அதிகம், பெண்களுக்குக் குறைவு என்று வசூல் நடந்தது. விளம்பரத்துக்காக ஆண், பெண் பார்த்து விலை வைத்தால் குற்றமில்லை என்று அந்த நெவாடா மாநிலச் சட்டமே சொல்கிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். அதே தண்ணீர், அதே வெயில், அதே சாய்வு நாற்காலி. ஒருவரிடம் மட்டும் கூடுதல் காசு வாங்கினால், அவருக்கு வேறு ஏதோ சரக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சரக்கு, பக்கத்தில் படுத்திருக்கும் பெண்தான்! அவளுக்குக் கிடைத்தது சலுகை அல்ல, கூலி.

பெர்லினில் நடந்தது

சரி, நிஜ ஐரோப்பாவில் என்ன நடந்தது?

ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், 2022 டிசம்பரில் பொது நீச்சல் குளம் ஒன்றில் ஒரு பெண் மேலாடை இல்லாமல் குளிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டார். ஆண்கள் அப்படித்தானே குளிக்கிறார்கள் என்று அவர் அரசிடம் புகார் கொடுத்தார். 2020-ல் வந்த பாரபட்சத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கை கொடுத்தது.

விதிமுறைகளைப் புரட்டினார்கள். நீச்சல் உடை வேண்டும் என்றுதான் இருந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று எழுதவே இல்லை. 2023 மார்ச்சில் முடிவு வந்தது: ஆணுக்கு உள்ள அனுமதி பெண்ணுக்கும் உண்டு.

யாரையும் கழற்றச் சொல்லவில்லை. யாருக்கும் தள்ளுபடியும் இல்லை. இதுதான் வித்தியாசம்.

மேலாடை போடுவதும் விடுவதும் அந்த ஊர்க்காரர்கள் பாடு. நாம் கேட்பது ஒன்றுதான். உரிமை என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே டிக்கெட், ஒரே விலை வை. வியாபாரம் என்றால் வியாபாரம் என்றே போர்டு மாட்டு. பெண்ணைக் காட்டிக் காசு பார்த்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்காதே!