மூச்சைக் காக்கும் கொழுப்பு



கொழுப்பு என்றாலே நமக்கு மாரடைப்பும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்தான் நினைவுக்கு வரும். செல்லுக்குச் செல் செய்தி கொண்டு போகும் கொழுப்பு மூலக்கூறுகளும் நம் உடலில் உண்டு. காயம் பட்ட இடத்துக்கு ஆற்றும் செல்களை வரவழைப்பதில் சிலவற்றுக்குப் பங்கு உண்டு. வேலை முடிந்ததும் அவற்றை அடக்குவதில் வேறு சிலவற்றுக்கு. அழைப்பு ஓயாமல், அடக்கும் குரல் தேய்ந்துவிட்டால் ஆற வேண்டிய இடம் தழும்பாக இறுகிப்போகிறது.

இது நுரையீரலில் நடக்கும்போது அதை ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். காற்றறைகளின் சுவர் தடித்து, ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது குறைகிறது. காரணம் தெரியாமலே வரும் வகை பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களைத் தாக்குகிறது.

இந்நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் எல்.பி.ஏ. என்ற கொழுப்பு மூலக்கூறு மிகுந்திருப்பதை, பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். தழும்பு நெய்யும் செல்களை அதுவே இழுத்து வருகிறது. செல்களில் அதை ஏற்கும் வாயில் (ரிசெப்டர்) இல்லாத எலிகளுக்குத் தழும்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

எல்.பி.ஏ.வை உருவாக்கும் நொதியைத் தடுக்கும் சிரிடாக்செஸ்டாட் மருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பலன் தராததால் 2021இல் கைவிடப்பட்டது. ஆய்வாளர்கள் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. எல்.பி.ஏ.வை ஏற்கும் வாயிலையே அடைக்கும் அட்மில்பரன்ட், இரண்டாம் கட்டச் சோதனையில் நுரையீரல் திறன் சரிவதை மட்டுப்படுத்தியது. அடக்கும் தரப்பைச் சேர்ந்த கொழுப்பு மூலக்கூறு புரோஸ்டாசைக்ளின். அதைப் போலவே செயல்படும் ட்ரெப்ரோஸ்டினில் மருந்தை மூச்சோடு உள்ளிழுத்தவர்களுக்கும் சரிவு குறைந்தது என்கின்றன 2025இல் வெளியான முடிவுகள். நம்பிக்கை தரும் செய்தி இது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்கா 2014இல் அனுமதித்த, நம் நாட்டிலும் கிடைக்கிற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் நோயின் வேகத்தைத்தான் குறைக்கின்றன. விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. மிச்சமிருக்கும் நுரையீரலைக் காப்பதுதான் சிகிச்சை. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

மாதக்கணக்கில் வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், விரல் நுனி தடித்தல் ஆகியவற்றை ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ நீங்களாக முடிவு கட்டிவிடவும் வேண்டாம். நுரையீரல் மருத்துவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும், சி.டி. ஸ்கேன் மீதியைச் சொல்லும்.

வீட்டிலும் கவனம் தேவை. இந்தியாவின் 19 நகரங்களில் நுரையீரல் இடைத்திசு நோயுள்ள 1,084 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான பதிவேட்டில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது, சுவாசிக்கும் தூசியின் ஒவ்வாமையால் வந்து தழும்பில் முடியக்கூடிய நுரையீரல் அழற்சி. ஏர் கூலரில் வளரும் பூஞ்சை, புறா எச்சம் இரண்டுமே அதற்குக் காரணமாகலாம். கூலரை அடிக்கடி கழுவிக் காயவையுங்கள். வீட்டில் இருமிக்கொண்டே இருக்கும் பெரியவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்