டிக்கெட்டும் கான்வாஸும்

சென்ற மாதம் நம் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஓவியர் விஸ்வநாதனைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. நாற்பது நிமிஷம். கொல்லத்தில் பிறந்தார், சென்னைக்கு வந்தார், பாரிஸுக்குப் போனார், இந்தியக் கடற்கரை முழுக்க அலைந்தார் என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. முடிவில், பயணம்தான் அவரை ஓவியராக்கிற்று என்று ஒரு வாக்கியம். கைதட்டினோம். நானும் தட்டினேன். போரூரில் இறங்கி, காட்டுப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவுக்காக மெட்ரோ தூணடியில் நின்றபோதுதான் உறைத்தது: அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு நிறத்தின் பெயர்கூட வரவில்லை. ரயில்வே கால அட்டவணையை வாசித்திருந்தால் இன்னும் நாலு ஊர் அதிகமாகக் கிடைத்திருக்கும்.

வாசித்தவர் எனக்கு வேண்டியவர். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. இது நம் எல்லோருக்குமான வியாதி. ஓவியத்தின் முன்னால் நம் இலக்கியக்காரனை நிறுத்தினால் அரை நிமிஷத்தில் அவன் கண் கீழே, பெயர்ச் சீட்டுக்கு இறங்கிவிடுகிறது. படிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறான். இல்லையென்றால் ஓவியனின் ஜாதகத்தைத் தேடுகிறான். தமிழனுக்குப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று வெங்கட் சாமிநாதன் 2015-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கத்திக்கொண்டிருந்தார். அவரோடு சண்டை போட்டோம், அவருக்கு இரங்கல் எழுதினோம், பார்க்க மட்டும் ஆரம்பிக்கவில்லை. ஆதிமூலம் இந்தச் சிறுபத்திரிகைகளுக்கு எத்தனை கோடு போட்டுக் கொடுத்தார்! அந்தக் கோட்டைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களை எண்ணிப் பாருங்கள். அட்டைப்படம் கேட்டு வாங்கத் தெரிந்த அளவுக்கு நமக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை.

பயணம் என்ற சொல் இந்த வியாதிக்கு வசதியான போர்வை. எங்கள் வங்கியில் எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு. ஊர் சுற்றிவிட்டு வந்து டிக்கெட்டை இணைத்து பில் போட வேண்டும். டிக்கெட் சரியாக இருந்தால் பில் பாஸ் ஆகும். அங்கே போய் என்ன பார்த்தாய் என்று எந்த மேனேஜரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. நம் ஓவிய விமர்சனம் இந்த பில் செக்ஷன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பாரிஸ் இணைக்கப்பட்டிருக்கிறது, கங்கை இணைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே பாஸ்.

விஸ்வநாதன் விஷயத்தில் இது தற்செயலாக நேர்ந்த தவறு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை சொல்பவனுக்கு அவர் ஒரு வரப்பிரசாதம். 1940-ல் கொல்லம் பக்கத்தில் பிறந்தவர். 1960-ல் சென்னை ஓவியக் கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கரிடம் படிப்பு. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பாடிக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய கடலோர மணல் நிலம் அது. இரண்டே வருஷத்தில், 1968-ல், பாரிஸில் குடியேறினார். அதற்குப் பிறகு நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தமான அத்தியாயம்: 1976-ல் இந்தியா வந்து, கடற்கரை நெடுகப் போய், இடம் இடமாக மணல் எடுத்தார். அந்த வழியில் பிறந்த 'மணல்' என்ற படத்தை 1982-ல் முடித்தார். பின்பு கங்கை, நெருப்பு, காற்று, ஆகாயம் என்று அது ஐந்தாக வளர்ந்தது.

(இந்த ஐந்து என்ற கணக்கில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பஞ்சபூதம் என்றவுடன் கான்வாஸ் பக்கமே திரும்பாமல் தத்துவம் பேசுவதற்கு நம் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?)

மணல் எடுத்தார் என்பதில் வந்து நிற்போம். யார்தான் மணல் எடுக்கவில்லை? நானும் எடுத்திருக்கிறேன், காசு கொடுத்து. கல்யாணமான மறு வருஷம் எல்.எஃப்.சி.யில் கன்னியாகுமரி போனபோது கலர் மணல் பாக்கெட் வாங்கினோம். அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்குக் குவித்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று விற்பவர் சொன்னார். இல்மனைட் இருந்தால் கறுப்பு, கார்னெட் இருந்தால் சிவப்பு என்று வேறு ஒருவர் சொல்லக்கூடும். இரண்டும் கதைதான், ஒன்று நிரூபிக்கத்தக்கது. பாக்கெட் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போது நான் பார்ப்பது மணலை அல்ல, கன்னியாகுமரியை. அதாவது நான் கன்னியாகுமரிக்குப் போனேன் என்பதை. அதுவும் ஒரு டிக்கெட். பாக்கெட்டின் மேலிருக்கும் ஊர்ப் பெயரைக் கிழித்துவிட்டால் என் வரையில் உள்ளே இருப்பதற்கு மதிப்பே கிடையாது.

ஓவியனுடைய மணல் இதற்கு நேர் எதிர். ஊர்ப் பெயரைக் கிழித்த பிறகுதான் அது தொடங்குகிறது. ஒரு கரையின் மணலையும் இன்னொரு கரையின் மணலையும் அடுத்தடுத்து வைத்தால் தெரிவது வங்காளமோ கேரளமோ அல்ல. ஒன்று இன்னொன்றைவிடச் சற்று ஈரமான பழுப்பு, ஒன்று வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது, ஒன்று திருப்பி அனுப்புகிறது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஆயிரக்கணக்கான மைல். விஸ்வநாதன் பயணத்தால் 'உந்தப்பட்டார்' என்று எழுதுவது, கொத்தனார் சித்தாளை அனுப்பி மணல் சலித்ததை ஆன்மிக அனுபவம் என்று எழுதுவதைப்போல. அது வேலை. வர்ணம் அரைப்பதும் பசை காய்ச்சுவதும் எந்த வகையோ அந்த வகை. அவர் பல காலம் கேஸின் கலந்த வர்ணத்தில் வரைந்தார் என்பதும் இதே வகையில் சேர்ந்த தகவல்தான். கேஸின் என்றால் பாலிலிருந்து எடுக்கும் புரதம். எண்ணெய் வர்ணத்தின் பளபளப்பு அதற்கு வராது, சுண்ணாம்புச் சுவர் மாதிரி உலர்ந்து நிற்கும். பாரிஸைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிய நண்பர் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

அவருடைய கான்வாஸ் ஒன்றின் முன்னால் சில வருஷங்களுக்கு முன்பு சென்னையில் நின்றேன். ஓர் ஆள் உயரம் இருக்கும். காவிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு சிவப்பு, அதை வெட்டிக்கொண்டு இறங்கும் முக்கோணங்கள். தலைப்பு இல்லை. முதலில் நான் செய்ததும் நம் வழக்கப்படி களமெழுத்து, யந்திரம், ஆலயம் என்று வார்த்தை தேடியதுதான். கைவசம் இருந்த வார்த்தைகள் தீர்ந்த பிறகு, முக்கோணத்தின் ஓரம் நேராக இல்லை என்று கண்ணில் பட்டது. ஸ்கேல் வைத்து இழுத்ததல்ல, கை போன கோடு. இரண்டு சிவப்புகள் தொடும் இடத்தில் ஒரு நூலளவு வேறு நிறம் விடப்பட்டிருந்தது. மொத்தப் படமும் அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு எந்த ஊரும் உதவவில்லை.

யந்திரம் என்றேன். எழுபதுகளில் தாந்திரிகக் கலை என்றொரு முத்திரை கிளம்பியது. பணிக்கர், ராஸா, விஸ்வநாதன் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி ஐரோப்பாவில் விற்க அது சௌகரியமாக இருந்தது. வெளியூர் போனான், வேரைக் கண்டுகொண்டான் என்ற கதை அந்த மூட்டையின் கயிறு. ராஸா 1950-ல் பிரான்ஸ் போனதிலிருந்து 2010-ல் தில்லிக்குத் திரும்பியதுவரை அவரைச் சுற்றி இந்தக் கயிறுதான். நம்மவர்கள் அதைத் தமிழில் திரித்து, மண்ணின் மணம் என்று பெயர் வைத்தார்கள்.

பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு குமாஸ்தாத்தனமான பிரியம் உண்டு. 1954-ல் ஐரோப்பா போனார், லண்டனில் கண்காட்சி வைத்தார். பயணம்தான் ஓவியனை ஆக்குகிறது என்றால் திருப்பம் அங்கே வந்திருக்க வேண்டும். 'சொற்களும் குறிகளும்' வரிசை ஆரம்பித்ததோ 1963-ல். அதற்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுவது ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம். எழுத்தும் எண்ணும் கோடுமாகக் கிறுக்கிய ஒரு தாள். அதற்கு எந்தக் கப்பலில் டிக்கெட் எடுப்பது?

எதிர்த்தரப்புக்கு உதாரணம் இல்லாமல் இல்லை. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-ல் தென்னாடு வந்தார்கள், இருட்டுப் பெட்டி வைத்துக் கோயிலையும் கோட்டையையும் படியெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இடம்தான் சரக்கு. அவர்களைப் பயணத்தால் விளங்கிக்கொள்வது நியாயம். பால் கிளே 1914-ல் துனீஷியாவில் இருந்தது இரண்டு வாரம்கூட இல்லை. கொண்டு வந்தது மசூதியை அல்ல, நிறத்தோடு ஓர் உறவை. இந்த இரண்டு வகையையும் பிரிக்கத் தெரியாதவன் ஓவியத்தைப் பற்றி எழுத வேண்டாம். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தபோது டின்டர்ன் மடத்தின் பெயர் தாங்கிய வேர்ட்ஸ்வொர்த் கவிதையை நடத்திய ஆசிரியர், 1798-ல் அவர் நடந்த வழியைப் போர்டில் வரைந்தே ஒரு பீரியடை முடித்தார். அந்தக் கவிதைக்குள் மடமே வருவதில்லை என்று நான் கவனித்தது டிகிரி வாங்கி மூன்று வருஷம் கழித்து, கேஷ் கவுண்டரில்.

பயணம் போக வழியில்லாத குமாஸ்தாவின் வயிற்றெரிச்சல் இது என்று சொல்வார்கள். கொஞ்சம் அதுவும்தான். எங்காவது போய் வந்தவர் பேசினால் நம் கூட்டத்தில் குரலே வேறு. ஃபிளாரன்ஸ் பார்த்தவர் என்பதற்காக ஒருவர் சொல்லும் அசட்டு அபிப்பிராயத்தை நாம் வாய் பொத்திக் கேட்டிருக்கிறோம். ஆனால் என் வழக்கு வயிற்றெரிச்சலோடு முடிவதல்ல. ஊரைச் சொல்லி ஓவியத்தை விளக்கும்போது, ஓவியன் செய்த தீர்மானங்கள் எல்லாம் அவனிடமிருந்து பிடுங்கப்பட்டுப் புவியியலுக்குக் கொடுக்கப்படுகின்றன. இந்தச் சிவப்பை ஏன் இங்கே நிறுத்தினான் என்ற கேள்வி அப்போது எழவே எழாது. கவிதைக்கு இதைச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? ஒருவன் வரியைப் படிக்காமல், இவர் தஞ்சாவூர்க்காரர், ஆகவே இப்படி எழுதினார் என்று கட்டுரை போட்டால் அடுத்த இதழில் கிழித்துத் தோரணம் கட்டமாட்டோமா?

எங்கள் தெருவில் மாடி எடுக்கிறார்கள். வாசலில் எம்-சாண்ட் கொட்டியிருக்கிறது. பாறையை உடைத்த மணல், சாம்பல் நிறம், ஆற்றைப் பார்த்ததே இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே இருண்டு, ஒரு குவியலில் மூன்று சாம்பல் தெரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். ஐந்து நிமிஷம் லேட். இதை வைத்து நான் ஓவியன் ஆகப்போவதில்லை, கேலி செய்ய வேண்டாம்.

அடுத்த இதழுக்கு அட்டைப்படம் கேட்க ஞாயிற்றுக்கிழமை சோழமண்டலம் போகிறீர்கள் என்று கேள்வி. நானும் வருகிறேன். கிண்டியில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நிபந்தனை: ஓவியரைச் சந்திக்கும் முன் அங்கிருக்கும் அருங்காட்சியகத்தில் ஏதாவது ஒரு படத்தின் முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். பெயர்ச் சீட்டைக் கைக்குட்டையால் மறைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.