பிழைத்த குழந்தைக்கு நெய் எத்தனை கரண்டி?

எங்கள் தெருவில் ஒரு சிறுமி. 5 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, குணமானவள். இப்போது 11 வயது. அன்று நான் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாதத்தின் மேல் குளம் கட்டினாற்போல் நெய். இரண்டு அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். கிண்ணத்தில் பால்கோவா வேறு!

"என்னடி இது, இத்தனை நெய்?" என்றேன் அவள் அம்மாவிடம்.

"போங்கக்கா, எலும்பும் தோலுமாக் கிடந்தவ. ஒரு வாய் இறங்காதான்னு அழுதிருக்கேன். இப்போ கேட்டுச் சாப்பிடறா, வேண்டாம்னு எப்படிச் சொல்வேன்?"

பெற்ற வயிறு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மாடிப்படி ஏறினால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறதே!

ஒரு காலத்தில் இந்த நோய் வந்த குழந்தை பிழைப்பதே அபூர்வம். 1948-ல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் மருந்து கொடுத்து நோயைச் சில மாதம் அடக்கியதே பெரிய அதிசயமாக இருந்தது. இன்று நம் நாட்டிலும் நல்ல மருத்துவமனைகளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னும் 50, 60 வருஷ வாழ்க்கை இருக்கிறது. நாம் யோசிக்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும். நடுராத்திரி இரண்டு மணிக்கு இட்லி கேட்ட குழந்தைகள் உண்டு. மாத்திரை நின்றதும் பசி அடங்கும். ஏறின எடை சில குழந்தைகளுக்கு இறங்குவதில்லை. தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் வளர்ச்சிக்கான ஹார்மோன் குறைந்து, உயரம் நின்று உடம்பு மட்டும் பெருக்கலாம். இன்னொன்று, அந்தச் சிவப்பு ஊசி. பார்த்த அம்மாக்களுக்குத் தெரியும். உயிர் காக்கிற மருந்துதான். ஆனால் ஏற்றிய மொத்த அளவைப் பொறுத்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். அது பத்து, இருபது வருஷம் கழித்துத் தலைகாட்டலாம். அதன் மேல் பருமனும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் இதயம் என்ன செய்யும், பாவம்!

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள், வளரும் குழந்தை. தட்டில் பாதி காய்கறி, கீரை. பருப்பு, முட்டை, மீன் எது வழக்கமோ அது. நெய் ஒரு சின்ன ஸ்பூன் போதும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். அப்பளம், ஊறுகாய் உப்பு ஜாஸ்தி, என்றைக்காவது வைத்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு எலும்பையும் இளைக்க வைக்கும் என்பதால் சுண்ணாம்புச் சத்து முக்கியம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. கூழோ அடையோ, மோருடன் கொடுங்கள். வெயில் படக் கயிறு தாண்டி விளையாடட்டும். வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பவரானால் அந்தப் புகை இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கு. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் பத்தியம். சத்து டானிக் என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து ஃபோலிக் அமிலத்தைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதையே டானிக்கில் ஊற்றிக் கொடுத்தால்?

சரி, நம் பெண்ணுக்கு என்ன மருந்து, எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம், ஃபைலை எடு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுட்டேன்க்கா. நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது, சகோதரிகளே. அத்தனையையும் இறைக்க வேண்டியது அந்த இதயம்தான். சிவப்பு ஊசி போட்டுக்கொண்ட பெண் கர்ப்பமாகும் முன்பே எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு முழு விவரமும் தெரிய வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து நாம் ஒளிப்பது அவள் உயிரோடு விளையாடுவது.

மறுநாளே இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்ல காலம், அவர்களிடம் பழைய பதிவு இருந்தது. மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தார்கள். எக்கோவும் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்குவது எடையால்தான், ஆனாலும் சொல்லும் தேதிகளில் தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா.

அந்தக் காகிதம் இப்போது பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் என்னிடம். நேற்றுப் போனேன். தட்டில் ஒரே ஸ்பூன் நெய். "பெரியம்மா, நீங்க சொல்லி இன்னொரு ஸ்பூன் வாங்கிக் குடுங்களேன்" என்கிறாள் அந்த வாயாடி!