கை தவறினால் குற்றவாளியா?



2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம். அதுவரை இருவரும் சரிசமம். 55-வது நகர்த்தலில் சீனத்து டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் போயிற்று. சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் பட்டம் வென்றார். நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் ரசிகர்கள் போட்ட கூச்சலைக் கேட்டீர்களா? முட்டாள் என்றார்கள், வேண்டுமென்றே தோற்றான் என்றார்கள். ருஷ்ய சதுரங்க சம்மேளனத் தலைவர் பிலாதவ் (இவர் பெரும் தனவந்தர்!) விசாரணையே வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இது நாம் கேட்டுப் பழகிய குரல். ஷிப்டு முடியும் வேளையில் யந்திரத்தில் விரல் சிக்கினால் மேஸ்திரி சொல்வதென்ன? அஜாக்கிரதை! நஷ்டஈட்டுக்காக விட்டான்! அறுப்பில் அரிவாள் காலில் பட்டால் மிராசுதார் சொல்வதும் அதுவே. எத்தனை மணி நேரம் நின்றான் என்று எவன் கேட்டான்? டிங் மனச்சோர்வால் மாதக்கணக்கில் ஆடாதிருந்தவர். பதினெட்டு நாள் போராடிக் கடைசி நாளில் கை தவறினார்.

எதிரே உட்கார்ந்து ஆடிய குகேஷ் ஏளனம் செய்யவில்லை. டிங் உண்மையான சாம்பியனாகப் போராடினார் என்று அன்றே சொன்னார்.

நாளை நம் மில்லில் ஒரு தோழனின் விரல் போகும். 'அஜாக்கிரதை' என்றெழுதிய தாளை நீட்டிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்!