127 வோல்ட் டு 230 வோல்ட்: சவுதியின் மின் மாற்றத்தில் செல்போன் டவர்களுக்கு என்ன சிக்கல்?

ஒரு நாடு தன் மின்சாரத்தின் வோல்டேஜையே மாற்ற முடியுமா? சவுதி அரேபியா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 127/220 வோல்ட்டில் இருந்து 230/400 வோல்ட்டுக்குப் படிப்படியாக மாறுவது என 2010-ல் அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது. 25 ஆண்டுத் திட்டம். வோல்டேஜ் கூடினால் அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும். அதே ஒயரில் வெப்பமாக வீணாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

வீட்டில் மிக்ஸியை மாற்றினால் போச்சு. டவரில்?

ரேடியோ கருவியைத் தொடவே வேண்டாம். டவர்களில் பொதுவாக ரெக்டிஃபையர்தான் ஏசி மின்சாரத்தை மைனஸ் 48 வோல்ட் டிசியாக மாற்றி, ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் தருகிறது. இன்றைய ரெக்டிஃபையர்கள் பலவும் சுமார் 85 முதல் 300 வோல்ட் வரை ஏற்கும். அப்போ பிரச்னை இல்லைதானே?

இருக்கு. பழைய முறையில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 127 வோல்ட்; இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 220. ஒரு ரெக்டிஃபையர் 3,000 வாட் எடுக்க 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் போதும், 127-ல் கிட்டத்தட்ட 24 வேண்டும். அவ்வளவு இழுக்க முடியாமல் அது பாதி பலத்தில்தான் ஓடும். அதனால் முழு பலம் வேண்டுமென்றால் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இணைக்க வேண்டும். புதிய சப்ளை வந்த பிறகு இந்த ஒயரிங்கை அப்படியே விட்டு ஆன் செய்தால், அதே இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட்! 300 வரைக்கான மாட்யூல் அதோடு காலி. அதை ஃபேஸ்–நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். நியூட்ரல் ஒயர் இல்லாத இடத்தில் புதிதாக இழுக்க வேண்டும். டவர் அறையின் ஏசிக்கும் இதே கதைதான்.

சர்ஜ் புரொட்டக்டரைப் பலர் மறந்துவிடுவார்கள். 127-க்கு எனப் போட்டது, 230 வோல்ட்டையே மின்னல் தாக்கியதாக எடுத்துக்கொண்டு எர்த்துக்குக் கடத்தும், சூடாகி எரியும். ஜெனரேட்டர் பரவாயில்லை. 12 முனை கொண்ட ஆல்டர்னேட்டர் என்றால் இணைப்பை மாற்றியே 400-க்குக் கொண்டுவரலாம். 60 ஹெர்ட்ஸ் மாறாததால் மோட்டார்களின் வேகத்திலும் சிக்கல் இல்லை.

கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். உயிர்? இங்கிருந்து வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியனுக்கு, சிங்கிள் ஃபேஸ் என்றால் ஒரு லைவ், ஒரு நியூட்ரல். சவுதியின் பழைய 220-ல் இரண்டுமே லைவ். சிங்கிள் போல் பிரேக்கரை மட்டும் ஆஃப் செய்தால், இன்னொரு ஒயரில் 127 வோல்ட் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் டபுள் போல் பிரேக்கர்தான் அங்கே போட வேண்டும்.

மாற்றம் முடியும் வரை இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பேனலில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரை நம்பக் கூடாது. ஃபேஸ்–ஃபேஸ், ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் என மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.